பந்தைப் பார்க்காத கண்கள்

2019 மார்ச் 22, வெள்ளிக்கிழமை. நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். சாஃப் என்று சுருக்கிச் சொல்லப்படும் தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் தொடர் அது. இந்தியாவும் நேபாளமும் மோதின. முதல் பாதியில் டெல்லிப் பெண் டாலிமா சிப்பர் வெகுதூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்திலேயே நேபாளத்தின் சபித்ரா பண்டாரி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் மணிப்பூரின் கிரேஸ் டாங்மெய் ஒன்றும் அஞ்சு தமாங் ஒன்றும் போட, 3-1 என்று இந்தியா வென்றது. 2010இல் தொடர் தொடங்கியதிலிருந்து இந்தியப் பெண்களுக்கு இது ஐந்தாவது கோப்பை. அதுவரை சாஃப் தொடரில் அவர்கள் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவர்கள் இருவர், ஆளுக்கு 4. ஒருவர் சபித்ரா. மற்றவர் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன்.

மறுநாள் மாலை சேப்பாக்கத்தில் ஐபிஎல் தொடங்கியது. பெங்களூரு அணி 70 ரன்னில் சுருண்டது. ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று எங்கள் ஊர் மின்ரயில் நின்று நின்று வருகிற வழியெல்லாம் அடுத்த பல வாரங்களுக்கு அதுதான் பேச்சு. இதில் எனக்குப் புகார் இல்லை, நானும் தோனியைப் பார்ப்பவள்தான். ஆனால் ஒரு தமிழ்ப்பெண் தெற்காசியாவின் முதல் கோலடிப்பாளராக ஊர் திரும்பிய வாரம் அது. அந்தப் பெட்டியில் ஒருவர் வாயிலும் அவர் பெயர் வரவில்லை. ஏழு மாதம் கழித்து அதே பெட்டியில் பெண்கள் கால்பந்து பற்றி எல்லோரும் பேசினார்கள். அக்டோபர் 25, தீபாவளியை ஒட்டி ‘பிகில்’ வெளியாகியிருந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். சினிமாவைத் திட்டுவதற்காக அல்ல. பெண் பந்தாடுவதைப் பார்க்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம் என்பது என்னை விடாமல் நச்சரிக்கும் கேள்வி. நான் பாடம் நடத்தும் இலக்கியத்துக்குள்ளும் அது இருக்கிறது.

முதலில் படம். அட்லீ இயக்கியது, விஜய்க்கு இரட்டை வேடம். தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியப் போட்டியில் கோப்பை வெல்வதுதான் கதையின் முடிவு. அந்த அணியில் அமில வீச்சுக்கு ஆளாகி அறைக்குள் முடங்கிவிட்ட ஒரு பெண் இருக்கிறாள். திருமணமாகிப் புகுந்த வீட்டின் ஆசாரத்துக்குள் பூட்டப்பட்ட ஒருத்தி இருக்கிறாள். உடல் பருமனுக்காகக் கேலி செய்யப்படும் பாண்டியம்மா இருக்கிறாள். எல்லாமே நாம் அறிந்த, நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் துயரங்கள். இவற்றை ஒரு பெரிய நடிகரின் படம் தொட்டதே என்று மகிழ்ந்த தோழிகள் உண்டு. திரையரங்கில் பள்ளி மாணவிகள் விசிலடித்ததை நானும் கேட்டேன். ஜெர்சி போட்ட தமிழ்ப்பெண்களை இத்தனை பெரிய திரையில் அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த விசிலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தத் துயரங்கள் படத்தில் என்ன வேலை செய்கின்றன? ஒவ்வொருத்தியின் வீட்டு வாசலிலும் மைக்கேல் போய் நிற்கிறான். கணவனிடம் பேசுகிறான், தகப்பனிடம் பேசுகிறான். பேசி முடித்ததும் அவள் பூட்ஸ் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். காயம் அவளுடையது, வசனம் அவனுடையது. அடைத்தவனும் திறந்தவனும் ஆண்கள், நடுவில் அவள் ஒரு கதவு. இறுதிப் போட்டியில் பாண்டியம்மாவை ஆட வைக்கப் பயிற்சியாளன் கையாளும் வழி இன்னும் மோசம். அவள் உடலைச் சொல்லி எல்லோர் முன்னாலும் கேலி செய்து, அந்தக் கோபத்தில் அவளைக் கோல் அடிக்க வைக்கிறான். அவமானத்தை ஊக்கமருந்தாகக் கொடுக்கும் இந்த வைத்தியத்தைப் படம் வெளிவந்தபோதே பலர் கண்டித்தார்கள். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. அந்தக் கோல் ஆட்டத்தின் தர்க்கத்திலிருந்து வரவில்லை. யார் பந்தைக் கொடுத்தது, எந்தப் பக்கம் வெற்றிடம் இருந்தது, தடுப்பாட்டக்காரி எங்கே ஏமாந்தாள் என்ற எதுவும் நம் நினைவில் நிற்பதில்லை. பந்து வலையைத் தொடுவதற்குள் கேமரா ஓரக்கோட்டுக்கு ஓடிவிடுகிறது. அங்கே நிற்பவன் முகத்தில்தான் கோல் விழுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், படம் கற்பனை செய்து காட்டிய வெற்றி ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. 2018 பிப்ரவரியில், ஒடிசாவின் கட்டாக்கில், தேசிய சீனியர் மகளிர் கால்பந்து இறுதிப் போட்டியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்றது. மணிப்பூர் என்றால் யார்? அந்தக் கோப்பையைத் தன் வீட்டுப் பாத்திரம்போல வைத்திருந்த மாநிலம். மகளிர் சந்தையும் மகளிர் கால்பந்தும் ஊறிய மண். அவர்களை வென்று தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பையைக் கொண்டுவந்து இருபது மாதம் கழித்து, அதே வெற்றியைச் சினிமா புதிதாகக் கண்டுபிடித்தது. 2019 மே மாதம் தமிழ்நாட்டின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக் கோப்பையையும் வென்றிருந்தது. நிஜம் இவ்வளவு பக்கத்தில் கிடக்க, கற்பனை எதற்காக அதைத் தாண்டிப் போயிற்று? நிஜத்தில் இல்லாத ஒன்று கதைக்குத் தேவைப்பட்டது. மீட்பன்.

பிராட்நகரில் இந்திய அணியின் பயிற்சியாளர் மேமோல் ராக்கி. கோவாக்காரர், முன்னாள் வீராங்கனை. ஓரக்கோட்டில் ஒரு பெண் நின்றுகொண்டு, களத்தில் ஆடும் பெண்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறாள். இந்தக் காட்சியை நம் சினிமாவால் இன்றுவரை எடுக்க முடியவில்லை. ‘சக் தே இந்தியா’விலும் முடியவில்லை. ஆண் பயிற்சியாளர்களே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலூரில் ஒரு தலைமுறைப் பெண்களுக்குப் பந்தைக் கொடுத்து வளர்த்த மாரியப்பன் ஓர் ஆண்தான். வங்கதேசப் பெண்களை ஆண்டுக்கணக்கில் உருவாக்கிய கொலாம் ரப்பானி சோட்டனும் ஆண்தான். நிஜத்தில் இவர்கள் ஓரமாக நின்றார்கள். கதை சொல்லும்போதுதான் ஓரத்தில் நிற்பவர் நடுவுக்கு வருகிறார், நடுவில் ஆடியவர்கள் அவருக்குப் பின்னணி ஆகிறார்கள்.

இந்த இடத்தில் பழைய புத்தகங்களைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. பெண்கள் பந்தாடுவது தமிழுக்குப் புதிதே அல்ல. சங்கப் பாடல்களில் பந்தும் கழங்கும் பெண்களின் கையில் இருக்கின்றன. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றே ஒரு பாட்டுவகை இருக்கிறது. கந்துகம் என்றால் பந்து. வேகமும் தாளமும் கூடிய அற்புதமான வரிகள் அவை, வகுப்பில் கை தட்டிக்கொண்டே படிப்போம். ஆனால் அந்தப் பெண்கள் எதற்காகப் பந்தடிக்கிறார்கள்? பாண்டியன் வாழ்க என்று. துள்ளுவது பந்து, போய்ச் சேருவது அரசனின் புகழ். குற்றாலக் குறவஞ்சிக்கு வந்தால் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். திரிகூடராசப்பக் கவிராயரின் சந்தம் பந்தைவிட வேகமாகத் துள்ளுகிறது. வளை குலுங்குகிறது, இடை துவள்கிறது, கொங்கை அசைகிறது, எல்லாம் தெரிகிறது. பந்து மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆட்டம் முடிந்த கையோடு உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு அவள் மயங்கியும் விடுகிறாள். பந்தாட்டம் என்பது காதல் நோய்க்கு முந்தைய உடற்பயிற்சி.

மூன்றாவது நூல் பெருங்கதை. கொங்குவேளிரின் இந்தக் காப்பியத்தை மாணவிகள் தேர்வுக்காக மட்டும் படிக்கிறார்கள், பாவம். வத்தவ காண்டத்தில் ‘பந்தடி கண்டது’ என்று ஒரு பகுதி இருக்கிறது. எனக்குத் தெரிந்து தமிழில் பெண்களின் விளையாட்டுப் போட்டி ஒன்று, போட்டியாகவே, முழுமையாக எழுதப்பட்டிருப்பது அங்கேதான். உதயணனின் இரண்டு தேவியரான வாசவதத்தை, பதுமாபதி ஆகியோரின் தோழியர் இரு தரப்பாக நின்று ஆடுகிறார்கள். ஒவ்வொருத்தியும் பெயர் சொல்லிக் களத்துக்கு வருகிறாள். எத்தனை முறை பந்தடித்தாள் என்று ஆயிரக்கணக்கில் கணக்குச் சொல்லப்படுகிறது. முன்னவள் அடித்ததைப் பின்னவள் மிஞ்சுகிறாள். கடைசியில் மானனீகை வந்து எல்லோரையும் மிஞ்சுகிறாள். கொங்குவேளிருக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறது. பந்து எங்கே எழுந்தது, எங்கே விழுந்தது, எந்தக் கையால் அடித்தாள் என்றெல்லாம் பார்க்கிற கண் அவருக்கு இருக்கிறது. ஒரு விளையாட்டு நிருபர் என்றே சொல்லிவிடலாம்.

ஆனால் அங்கேயும் ஒரு பார்வையாளன் உட்கார்ந்திருக்கிறான், உதயணன். மானனீகை வென்ற மாத்திரத்தில் அவன் மனம் அவளிடம் போய்விடுகிறது. கதை அதன் பிறகு ஆட்டத்தை மறந்துவிடுகிறது. அரசன் அவளை மறைவாகச் சந்திக்கிறான், வாசவதத்தைக்குத் தெரிந்துவிடுகிறது, மானனீகையின் கூந்தலை அரிந்துவிடும்படி ஆணை பிறக்கிறது. அவள் கோசல நாட்டு இளவரசி என்று தெரியவந்த பிறகுதான் அந்தக் கத்தி நிற்கிறது. நன்றாக ஆடியதற்கு ஒருத்திக்குக் கிடைத்த பரிசு, மொட்டையாகும் வரை போன ஒரு வழக்கு. தண்டனை சொன்னவளும் பெண்தான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. அரசனின் கண் விழுந்த இடத்தில் பெண்கள் ஒருவரையொருவர் அறுப்பதற்கு அந்தப்புரம் என்று பெயர்.

இந்த மூன்றையும் படித்துவிட்டுப் படத்துக்குத் திரும்பினால் ஒன்று புரியும். இதெல்லாம் அட்லீயின் கண்டுபிடிப்பு இல்லை. நீண்ட மரபின் கடைசிக் கண்ணி அவர். ஒரே வேறுபாடு, பழைய காப்பியத்தில் பார்ப்பவன் ஆசைப்பட்டான், புதிய படத்தில் பார்ப்பவன் காப்பாற்றுகிறான். பந்தைப் பார்க்காதது மட்டும் இரண்டுக்கும் பொது.

நிஜக் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தால் மட்டும் என்ன நடக்கிறது? அதற்கு 2022க்கும் டாக்காவுக்கும் போக வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் காத்மாண்டுவில் நடந்த சாஃப் தொடரில் இந்தியா முதன்முறையாகத் தோற்றது. பிரிவு ஆட்டத்தில் வங்கதேசத்திடம் 0-3, அரையிறுதியில் நேபாளத்திடம் 0-1. இந்தியக் கால்பந்து நிர்வாகத்துக்கு அது கேவலமான ஆண்டு. ஜூலையில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் அணியின் உதவிப் பயிற்சியாளர் பாலியல் முறைகேட்டுப் புகாரில் நீக்கப்பட்டிருந்தார். ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தது. ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய் இறங்கிவிட்ட கோகுலம் கேரளா மகளிர் அணி, ஒரு ஆட்டமும் ஆடாமல் திரும்பியது. நாற்காலிச் சண்டை போட்டவர்கள் ஆண்கள். விமான நிலையத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள்.

செப்டம்பர் 19, தசரத ரங்கசாலை மைதானம். இறுதிப் போட்டியில் வங்கதேசமும் நேபாளமும். அதற்கு முன் வங்கதேச வீராங்கனை சஞ்சிதா அக்தர் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதியிருந்தார். திறந்த கூரைப் பேருந்தில் ஊர்வலம் வரும் வரவேற்பு எங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எங்களை ஆதரித்தவர்களுக்காகவும் ஏளனம் செய்தவர்களுக்கு நடுவே வழி போட்டவர்களுக்காகவும் இதை வெல்ல வேண்டும் என்கிற பொருளில். அரசியல் அறிக்கைபோல் இல்லாமல், கேட்டும் கேட்காமலும் ஒரு பெண் தன் ஆசையைச் சொல்கிற தொனி அதில் இருந்தது. நம் வீடுகளில் புதுப் பாவாடை கேட்கிற தொனி. வேண்டாம் என்றே கேட்பது.

வென்றார்கள், 3-1. மழையில் நனைந்து கனத்த மைதானம். ஸ்வப்னா காயத்தோடு வெளியேற, அவருக்குப் பதில் உள்ளே வந்த சின்ன ஷம்சுன்னஹார் 14ஆவது நிமிடத்தில் முதல் கோல் போட்டார். கிருஷ்ணா ராணி சர்க்கார் இரண்டு கோல். டாக்காவில் ஓர் இரட்டை மாடிப் பேருந்தின் கூரையை அறுத்து, வண்ணம் பூசி, விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். சாலையின் இரு பக்கமும் மக்கள். ஆசை நிறைவேறிவிட்டது, கதை முடிந்தது என்று எழுதிவிடலாம், பலரும் அப்படித்தான் எழுதினார்கள். இரண்டு சின்ன விஷயங்கள் விட்டுப்போயின. அந்த ஊர்வலத்தில் சாலையோர விளம்பரம் ஒன்று தலையில் இடித்து ரிதுபர்ணா சக்மாவுக்குத் தையல் போட வேண்டியிருந்தது. பேருந்து கூட்டமைப்பு அலுவலகம் வந்து சேர்ந்த பிறகு நடந்த செய்தியாளர் சந்திப்பில் நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் பெரிய மனிதர்கள். கோப்பையைக் கொண்டுவந்த அணித் தலைவி சபினா காதூன், தொடரில் 8 கோல் அடித்தவர், பயிற்சியாளரோடு பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்து வங்கதேசத்திலேயே கோபம் கிளம்பியது. எனக்குக் கோபத்தோடு ஒரு பரிச்சயமும் தோன்றியது. பெண் கவிஞர்களைக் கௌரவிக்கும் விழாக்களில் மேடை நிறைய ஆண்கள் உட்கார்ந்திருக்க, கீழே முதல் வரிசையில் பொன்னாடைக்காகக் காத்திருந்த அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? வெற்றியை மறைப்பது ஒரு வழி. வெற்றியைக் கொண்டாடுவதன் மூலம் எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. முதல் வழியை எதிர்க்க நமக்குத் தெரியும், பழகியிருக்கிறோம். இரண்டாவது மாலையோடு வருகிறது. ‘சிங்கப்பெண்’ என்று நெற்றியில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். என் வகுப்பில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவளும் சிங்கப்பெண், கணவனின் அடியைத் தாங்கிக்கொண்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவளும் சிங்கப்பெண். இந்துமதி கோல் அடித்தால் கோலடிப்பாளர் என்று சொல்லுங்கள் போதும். 2020 ஊரடங்கில் அதே இந்துமதி காவல் உதவி ஆய்வாளராகச் சென்னையில் பணியில் நின்றார். அதற்கும் சிங்கத்தைக் கூப்பிட வேண்டியதில்லை, உதவி ஆய்வாளர் என்ற நல்ல சொல் இருக்கிறது.

வங்கதேசத்து மைமென்சிங் மாவட்டத்தில் கால்சிந்தூர் என்று ஒரு கிராமம். சஞ்சிதா, மாரியா மாண்டா, ஷம்சுன்னஹார் என்று தேசிய அணிக்குப் பலரை அந்த ஒரு கிராமத்துப் பள்ளி தந்தது. நமக்குக் கடலூர். இந்துமதியும் சந்தியா ரங்கநாதனும் ஒரே மாவட்டம். இப்படி ஓர் ஊரிலிருந்து கொத்தாகப் பெண்கள் வருவதை அதிசயம் என்று எழுதுகிறார்கள். அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு மைதானம், ஒரு பந்து, விடியற்காலையில் வந்து நிற்க ஒருவர், முதலில் போன ஓர் அக்கா. அக்கா போய் வேலையோடு திரும்பினால் தங்கையை வீட்டில் விடுகிறார்கள். தமிழ்நாட்டில் பல வீராங்கனைகளின் கணக்கில் கோலுக்கு அடுத்த வரி அரசு வேலைதான். இதை லட்சியக் குறைவு என்று சொல்பவர்களுக்குப் பசி தெரியாது. இரண்டு கணக்கும் சேர்ந்துதான் 2023 ஜூனில் அமிர்தசரஸில் தமிழ்நாடு ஹரியானாவை 2-1 என்று வென்று இரண்டாம் முறை தேசியக் கோப்பையைத் தூக்கியது. அந்த ஆட்டத்திலும் இந்துமதியின் கோல் இருந்தது.

எங்கள் ஊரைச் சொல்கிறேன். திருநின்றவூர். பழைய ஆட்கள் வாயில் தின்னனூர். திருமகள் திருமாலோடு கோபித்துக்கொண்டு வைகுண்டத்தை விட்டு வெளியேறி வந்து நின்ற ஊர் என்று தலபுராணம். கோபித்து வந்த பெண்ணின் பெயரால் விளங்கும் ஊரில், மாலை ஐந்து மணிக்கு மேல் திறந்தவெளி எல்லாம் பையன்களுடையது. கோடையில் ஏரியின் கரைப்பக்கம் காயும்போது அங்கும் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். பெண்பிள்ளைகள் அந்த வழியே டியூஷனுக்குப் போவார்கள். எங்கள் ஊருக்கு இன்னொரு பெருமை பூசலார். கோயில் கட்டப் பணமில்லாத அவர் மனத்துக்குள்ளேயே அடித்தளமிட்டு, கல் கல்லாக அடுக்கி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்கு நாள் வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து, நாளை வேறொரு நாளுக்கு மாற்று, நான் நின்றவூர் அன்பன் கோயிலுக்குப் போகிறேன் என்றாராம். சின்ன வயதிலிருந்து எனக்குப் பிடித்த கதை. ஆனால் பெண்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதி மட்டும்தான் சொல்லப்படுகிறது. ஆசையா, மனத்துக்குள் கட்டிக்கொள். ஆட்டமா, மனத்துக்குள் ஆடிக்கொள். மன்னன் தன் படையோடு தின்னனூருக்கு வந்து அந்தக் கோயில் எங்கே என்று கேட்ட இரண்டாம் பாதி வருவதே இல்லை. சஞ்சிதா செய்தது அதைத்தான். மனத்துக்குள் கட்டியதை எழுதிப் போட்டு, பேருந்தை வரவழைத்தார்.

வேப்பம்பட்டிலிருந்து வரும் ஒரு மாணவி மாவட்ட அளவில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரியாக ஆடியவள். இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு. அவளுடைய அம்மா ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்த களைப்பு முகத்தில் இருந்தது. “மேடம், அவ ஆடறது எனக்குப் புடிக்கும். சின்னதுல நானும் கபடி ஆடினவதான். ஆனா வெயில்ல கறுத்துட்டே போறா. பொண்ணு பாக்க வர்றவங்க அதத்தான் மொதல்ல பாப்பாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவா” என்றார். அவரை நான் வில்லியாக எழுத மாட்டேன். இரண்டு ஷிப்ட் பார்த்து மகளைப் பட்டப்படிப்புக்குக் கொண்டுவந்தவர். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வசந்தவல்லியைப் பார்த்த அதே கண். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வது என்றும் அன்று தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், அவருடைய கபடி பற்றிக் கேட்டேன். வலது கோடியில் நின்று பிடிப்பாராம். கணுக்காலைப் பிடிக்கிற பிடி எப்படி என்று மேஜை மேல் கையை வைத்துக் காட்டினார். அப்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்ல எனக்குச் சொல் போதாது.

இங்கிலாந்தில் 1920 டிசம்பரில் டிக் கெர் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க லிவர்பூலில் 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லிச் சங்கத்தின் மைதானங்கள் அவர்களுக்கு மூடப்பட்டன. அந்தத் தடை ஐம்பது ஆண்டு நீடித்தது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டமே போட்டுத் தடுத்தார்கள். நம் நாட்டில் தடைச் சட்டம் தேவைப்பட்டதில்லை. வெயில் போதும், பொண்ணு பார்க்க வருகிறவர்கள் போதும். ஆனாலும் 1975இலேயே பெண்களுக்கான தேசியப் போட்டி இங்கே தொடங்கிவிட்டது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் இந்தியப் பெண்கள் இறுதிவரை போய் இரண்டாமிடம் பெற்றார்கள். நம் அம்மாக்களின் வயதுடைய பெண்கள்.

நேபாளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றமாகிவிடும். 2010, 2012, 2014, 2019, 2022, 2024 என்று ஆறு சாஃப் இறுதிப் போட்டிகளில் ஆடி, ஆறிலும் தோற்றவர்கள் அவர்கள். கடைசி மூன்றும் சொந்த மண்ணில். 2024 அரையிறுதியில் இந்தியாவோடு மோதியபோது நடுவரின் முடிவை எதிர்த்து ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. திரும்ப வந்து, சபித்ரா சமன் செய்து, பெனால்டியில் வென்று, இறுதிக்குப் போய் வங்கதேசத்திடம் 1-2 என்று தோற்றார்கள். வென்ற அணியின் இரண்டு கோல்களையும் சிட்டகாங் மலைப்பகுதிச் சக்மாப் பெண்களான மோனிகாவும் ரிதுபர்ணாவும் அடித்தார்கள். பேருந்தில் தலையில் அடிபட்ட அதே ரிதுபர்ணா. அவர் வெற்றியை எழுத ஆட்கள் வருவார்கள். ஆறு முறை தோற்று ஏழாவதற்கும் பூட்ஸ் கட்டுகிறவளை எழுதத் தமிழில் எங்கே மொழி? புறநானூற்றில் தோற்றவனுக்குக் கையறுநிலை உண்டு, வடக்கிருத்தல் உண்டு. தோற்றுவிட்டு மறுவாரம் பயிற்சிக்கு வருவதற்குத் துறை இல்லை. பெண்களின் அன்றாடமே அந்தத் துறைதான் என்றாலும்.

கடந்த பருவத்தில் பெருங்கதையின் பந்தடிப் பகுதியை முடித்த அன்று, 2022 இறுதிப் போட்டியின் கோல் காட்சிகளை வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் எழுதி வாருங்கள், விதி ஒன்றுதான், ஆடுகிற பெண்ணின் உடலை வர்ணிக்கக் கூடாது, பந்து எங்கே போயிற்று என்று மட்டும் எழுத வேண்டும் என்றேன். எளிது என்று நினைத்தார்கள். இருபது பேர் தவித்துப்போனார்கள். மின்னல், மான், புயல், வேங்கை என்று எல்லாம் வந்தது, பந்து வரவில்லை. வேப்பம்பட்டுப் பெண் மட்டும் கை தூக்கினாள். “அம்மா, தோத்த பக்கத்த எழுதலாமா?” என்று கேட்டாள். எழுது என்றேன்.

அவள் எடுத்துக்கொண்டது 70ஆவது நிமிடத்தை. அந்தத் தொடர் முழுக்க வங்கதேச கோல்கீப்பர் ரூப்னா சக்மா வாங்கிய ஒரே கோல். அடித்தவர் நேபாளத்தின் அனிதா பஸ்நெத். ஒரு பக்கம் முழுக்க அந்தச் சில நொடிகள்தான். பந்து வருவதற்கு முன்னால் தடுப்பாட்டக்காரி எந்தக் காலில் நின்றாள், நிற்க வேண்டியது எந்தக் காலில் என்று நான்கு வரி எழுதியிருந்தாள். இடது பக்கத் தடுப்பாட்டக்காரியின் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டிருக்கிறது.